ஒரு ஜோடி செருப்பு

— சோப்பு, ஷாம்பு, சீப்பு, டீத்தூள் பொட்டலம், இந்த வெள்ளச் செருப்பு, எல்லாம் எடுத்துக்கலாம்மா. துண்டையும் போர்வையையும் மட்டும் வுட்டுடுங்க. அது ஓட்டலுது.

— நெஜமாவா எல்லம்மாக்கா? செருப்பு கூடவா?

— நீங்க போட்டத இன்னொருத்தருக்கு குடுக்க மாட்டாங்க. வுட்டுட்டுப் போனா குப்பைக்குத்தான்.

— ஏங்க, கேட்டீங்களா? என் ஜோடிய எங்கம்மாவுக்கு குடுத்துடறேன். சேத்துல நின்னு நின்னு அதுக்கு காலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு.

— அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் சுதா. கெளம்பு. வெளிச்சம் போயிடும்.

— கல்யாணத்துக்கப்புறம் மொத தடவ வெளிய கூட்டியாந்திருக்காருக்கா. எனக்குத் தண்ணின்னாலே ஒதறும். ஏரி நடுவுலதான் சூரியன் மறையறத பாக்கணுமாம்.

— பயப்படாதம்மா. எங்க வூட்டுக்காரரு கோதண்டந்தான் படகு தள்ளுவாரு. மெதக்கற ஜாக்கெட்டு மாட்டித்தான் ஏத்துவாரு.

— அவர வேணாம்னுட்டேன். வேற ஆளுகிட்ட வாடகைக்குப் படகு வாங்கிட்டேன். நானே தள்ளிக்கறேன்.

— சார், இன்னா சார் இது. வாடக் காத்து தூக்கிகினு கீது. ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துல இழுப்பு ஜாஸ்தி. எங்காளுங்களே இன்னிக்கு அந்தாண்ட போவல.

— எனக்குப் பழக்கம் இருக்கு. நீ உன் வேலையப் பாரு. சுதா, செயினு வளையலெல்லாம் கழட்டி எங்கிட்ட குடு. தண்ணில வுழுந்துடும்.

— தாலிக்கொடியுமாங்க?

— அதுவுந்தான்.

— அத எப்டிங்க... எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்.

— சொன்னா கேளு. செல்போனக் கூட இங்கியே வெச்சுடு, நனைஞ்சுடும்.

— சரிங்க. பாத்ரூம்ல பொடவய மாத்திக்கினு, எல்லாத்தையும் கழட்டி எடுத்தாறேன். அக்கா, அந்த சாமானெல்லாம் பையில போட்டு வைங்களேன்.

— போட்டு வெக்கறேன், நீ போம்மா. சார், அவங்க பை எது?

— என் பையிலயே போடு. ஒரு ஜோடி செருப்பு போதும்.

— அந்தம்மா அவங்கம்மாவுக்கு ஆசையா கேட்டாங்களே சார்.

— ஒரு ஜோடின்னேன். ஒரு பிரஷ்ஷு, ஒரு சீப்பு. மீதிய நீயே வெச்சுக்க.

— அவங்களுக்கு வேணாவா?

— அவளுக்கு எதுக்கு? இன்னா அப்டிப் பாக்கற? துண்ட எண்ணிட்டு கெளம்பு.

— ஏங்க, எல்லாம் கழட்டிட்டேன். இதோ வரேன்.

— சுதாம்மா, வராத. உள்ளாற தாப்பாளப் போட்டுக்க. கோதண்டம் கொரலு கேக்கற வரைக்கும், இந்த ஆளு இன்னா சொன்னாலும் தொறக்காத.