ஏலக்காய் போட்ட கிணற்றுநீர்

அரங்கன் திருவடி போற்றி. வைகுண்ட ஏகாதசியன்று, வேலூர்ப் பேருந்தில் என் முன்னிருக்கையில் முதியவர் இருவர் பேசக் கேட்டேன். தோல் தொழிற்சாலைக் கழிவு கிணறுகளைக் கெடுத்ததா என்று ஆராய்வோரிடம் கொடுக்க, தத்தம் கிணற்றுநீரைப் புட்டியில் எடுத்துச் சென்றனர்.

“என்னுது டீ கலர்ல கீது. உன்னுது இன்னா மச்சான், பளபளன்னு?”

“படிச்சவங்களுக்கு அழுக்குத் தண்ணியா குடுக்கறது? வேட்டியில வடிகட்டி, காய்ச்சி, ஏலக்கா போட்டேன்.”

“போச்சு! கிணறு சுத்தம்னு எழுதிட்டா, ஊருக்குக் குழாய்த் தண்ணி எப்படி வரும்? அதக் கொட்டு. ரெண்டு கிணறும் ஒரே கலர்தான், என்னுதுல பாதி ஊத்தறேன்.”

“ஏலக்கா போட்டதக் கொட்டுவாங்களா?” என்றவர், பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினார். மற்றவரும் மறுக்காமல் குடித்து முடித்த பின்னரே, பழுப்புநீரைப் பங்கிட்டார்.

இதை வாசிப்போர் இல்லந்தோறும் நன்னீர் சுரக்க அவன் அருள்க.