நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்

...இல்லைங்க, நான் கேக்குறேன், இது நியாயமா? இந்த டிக்கெட்டைப் பாருங்க. கண்ணாடி போட்டே பாருங்க. "தால்கா – சிய்யான். பிளாட்பாரம் 4 முதல் 6 வரை." நாலுன்னா நாலுன்னு சொல்லணும், ஆறுன்னா ஆறுன்னு சொல்லணும். அது என்ன "முதல், வரை"? கேக்குறவனுக்கு நேரா ஒரு பதில் சொன்னா வாய் சுளுக்கிக்குமா? ஒம்பது மணி பத்து நிமிஷத்து பஸ்ஸை இப்படித்தாங்க விட்டேன். நான் இங்கதான் இருந்தேன். இதே பெஞ்சு. அது எங்கேயோ வந்து, எங்கேயோ நின்னு, திருடன் மாதிரி போயிருச்சு. கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு சொல்லுது, "அஞ்சுலதான் சார் நின்னுச்சு, பத்து நிமிஷம் நின்னுச்சு"ன்னு. பத்து நிமிஷமாம்! நின்னா எனக்குத் தெரியாதா?

கொஞ்சம் நகருங்க தங்கச்சி... ஆங். அந்தக் கேக் பெட்டியை மடியில வெச்சுக்குங்க. நான் இப்படி பிளாட்பாரத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்துக்கிறேன். அந்தப் பக்கம் திரும்புனா இந்த ஜூலை மாசக் குளிர்காத்து மூஞ்சியில அறையுது. பரவால்ல, பாக்கணும்னு அவசியமே இல்ல. ஏன்னு கேளுங்க. கேக்கலைன்னாலும் சொல்றேன்.

எந்தப் பிளாட்பாரம்? அதுதானே கேள்வி? தகவல் ஒண்ணு: நாலு, அஞ்சு, ஆறு, இந்த மூணுல ஏதோ ஒண்ணு. தகவல் ரெண்டு: இந்தப் பெஞ்சு அஞ்சுக்கு நேரா இருக்கு. நடுவுல! அப்போ பஸ் எங்க வந்தாலும் எனக்கு ஒரு பிளாட்பாரம் தூரம்தான். ஓடிப் பிடிக்க முடியுமா? முடியும். தகவல் போதும். முடிஞ்சுது! இதுக்கு மேல எதுக்குங்க தலையைத் திருப்பணும்?

நான் கணக்கு வாத்தியாருங்க. இங்க சதுக்கத்துக்குப் பின்னாடி, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பசங்களைத் தயார் பண்ற இடத்துல. இருபத்திரெண்டு வருஷம். அந்தத் தேர்வுல "தகவல் போதுமா"ன்னு ஒரு பகுதி உண்டு, அதுக்கு தால்காவுல என்னை விட்டா ஆள் கிடையாது. தற்பெருமை இல்லைங்க, யாரை வேணா கேளுங்க. ஒரு கேள்வி குடுப்பான், கீழ ரெண்டு தகவல் குடுப்பான். முதல் தகவல் மட்டும் போதுமா, ரெண்டாவது மட்டும் போதுமா, ரெண்டும் சேந்தாத்தான் போதுமா, தனித்தனியாவே போதுமா, இல்ல எதுவுமே பத்தாதா. அவ்வளவுதான் சொல்லணும். கணக்கைப் போடவே கூடாது! விடை கிடைக்குமா கிடைக்காதான்னு தெரிஞ்சா பேனாவை மூடிட்டு அடுத்த கேள்விக்குப் போயிரணும். விடை கண்டுபிடிக்கிறவன் நேரத்தைத் தொலைக்கிறவன். இதைத்தாங்க நான் இருபத்திரெண்டு வருஷமா கரடியா கத்துறேன்.

நீங்க எங்க போறீங்க? வேணாம், சொல்லாதீங்க! நானே பாக்குறேன். தகவல் ஒண்ணு: கேக் பெட்டி. தகவல் ரெண்டு: கழுத்துல கம்பளி. ம்ஹும்... பத்தாது. கேக் எந்த ஊருக்கு வேணா போகலாம். கூடுதல் தகவல் தேவை. சரி, விடுங்க.

எங்க விட்டேன்... ஆங், போன வாரம் சனிக்கிழமை. மாதிரித் தேர்வுக்கு நானே ஒரு கேள்வி எழுதினேன். எழுதிட்டு எனக்கே என்னைத் தட்டிக் குடுக்கணும்போல இருந்துச்சு. "அடுத்தடுத்து வர்ற மூணு முழு எண்கள். நடு எண் என்ன? தகவல் ஒண்ணு: மூணையும் கூட்டினா நடு எண்ணைப்போல மூணு மடங்கு. தகவல் ரெண்டு: மூணையும் பெருக்கினா பூஜ்ஜியம்." எப்படி இருக்கு? பசங்க அப்படியே விழுந்துட்டாங்க! யாஸ்னான்னு ஒருத்தி, கெட்டிக்காரி, அவளே "ரெண்டும் சேந்தா போதும்"னு போட்டுட்டா. மைனஸ் ஒண்ணு, பூஜ்ஜியம், ஒண்ணு, அதனால நடுவுல பூஜ்ஜியமாம். ஏம்மா, பூஜ்ஜியம் நடுவுலதான் நிக்கும்னு உனக்கு யார் சொன்னா? பூஜ்ஜியம், ஒண்ணு, ரெண்டு, இதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே? மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணு, பூஜ்ஜியம்? அதுவும்தானே? நடு எண் மூணுல எதுவா வேணா...

என்னங்க, கையை ஆட்டுறீங்க? ஆறா? இல்லைங்க, ஆறு வராது. ஆறு நடுவுல வந்தா அஞ்சு, ஆறு, ஏழு. பெருக்கினா இருநூத்திப் பத்து. பூஜ்ஜியமே இல்லையே! அவசரப்படாதீங்க, எல்லாரும் பண்ற தப்புதான்.

இப்போ அந்த முதல் தகவலுக்கு வருவோம். அங்கதாங்க எனக்கு அடி விழுந்துச்சு. சிய்யான் சந்தையில எர்மினியான்னு ஒருத்தி... ஒரு அம்மா... லோங்கனிசாக் கடை வெச்சிருக்காங்க. தலைக்கு மேல பூரா, பன்னிக்கறியைக் குடல்ல அடைச்ச அந்த லோங்கனிசா சரம் சரமாத் தொங்கும், அதுக்கு நடுவுல அவங்க சிரிப்பாங்க. நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா நான் அங்க. மறுநாள் ஞாயிறு இந்தக் கேள்வியைச் சொல்லிக் காட்டினேன். கத்தியைத் தீட்டிக்கிட்டே கேட்டாங்க. கேட்டுட்டு ஒரே நொடியில, "முதல் தகவல் ஒண்ணுமே சொல்லலையே. எந்த மூணை எடுத்தாலும் அப்படித்தானே வரும்?"ன்னாங்க. அட! அட! தால்காவுல அறுபது பசங்க விழுந்த குழியை, எடைத் தட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே தாண்டிட்டாங்க! நான் கை தட்டினேன். அப்போ சொன்னாங்க பாருங்க: "ஏன்யா எலியோ, அது உன்னை மாதிரியே இருக்கு. எப்பவும் உண்மையாத்தான் பேசுற. ஆனா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற."

கத்தி கையில இருந்துச்சுங்க. இருந்தாலும் அந்தப் பேச்சுதான் அறுத்துச்சு.

விஷயம் என்னன்னா... நாலு வருஷம் முன்னாடி, முதல் குளிர்காலம், அவங்க கேட்டாங்க. நேராவே கேட்டாங்க, "நாம கல்யாணம் பண்ணிக்கப் போறோமா, இல்லையா?"ன்னு. நான் நல்லா யோசிச்சு, மனசார, "தகவல் போதும் எர்மினியா"ன்னேன். சந்தோஷமா சொன்னேன்! அவங்க காத்துக்கிட்டே நின்னாங்க. நான் கிளம்பி பஸ் ஏறிட்டேன். எனக்குள்ள கணக்கு முடிஞ்சுபோச்சு, பேனாவை மூடிட்டேன். ஆமாவா இல்லையான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? "இல்லை"ங்கிறதுக்கும்தான் தகவல் போதும்! இது எனக்கு உறைக்க நாலு வருஷம் ஆயிருக்கு, தங்கச்சி. வகுப்புல வாரம் ஒருதடவை சொல்றேன் இதை.

என்னங்க, மறுபடியும் விரலை நீட்டுறீங்க? பின்னாடியா? பின்னாடி காத்துதாங்க அடிக்கும், எனக்குத் தெரியும். குறுக்க பேசாதீங்க, முக்கியமான இடம்.

இன்னிக்கி ரெண்டு மணிக்குக் கடையை மூடுறாங்க. அதுக்குள்ள வந்து ஒரே வார்த்தையில பதில் சொல்லணும், இல்லைன்னா இனிமே ஞாயித்துக்கிழமை பஸ்ஸே ஏற வேணாம்னுட்டாங்க. அங்க தீயணைப்புப் படைக்காரர் ஒருத்தர் இருக்கார், பெண்டாட்டி செத்துப்போன ஆளு. அவரு கூப்பிட்ட உடனே வந்துருவாராம். தொழில் அப்படி! நான் என்னத்தச் சொல்ல... பயமா இருந்துச்சுங்க. விடை கிடைக்கும்னு தெரிஞ்சிருக்கிறது சுகமா இருக்கு. விடையைச் சொல்லிட்டா அப்புறம் அழிக்க முடியாதுல்ல? அவங்க இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமையை என்னால நினைச்சுப் பாக்க முடியல. இதைப்போய் அவங்ககிட்ட சொல்லாம, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட...

கிளம்பிட்டீங்களா? போங்க போங்க, கழிப்பறை அந்தக் கோடியில இருக்கு. பெட்டியை நான் பாத்துக்கிறேன்... எடுத்துக்கிட்டே போறீங்களா, சரி. நான் இங்கதான் இருப்பேன். பத்து நாப்பது மணி பஸ்ஸுக்கு இன்னும்...

யாருடா இது, காதுக்குள்ள ஹாரன் அடிக்கிறது!

...தங்கச்சி? தங்கச்சி! ஜன்னல்ல நீங்களா? கேக் பெட்டியோட... ஆறாம் பிளாட்பாரம்... "சிய்யான்"னு இவ்வளவு பெருசா எழுதியிருக்கே! ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க! டிரைவரே! அதை முதல்லயே சொல்லக் கூடாதா... சொன்னாங்க. ஆறு விரலைக் காட்டிச் சொன்னாங்க. நான்தான் பெருக்கிக்கிட்டிருந்தேன்.

போன் அடிக்குது. ஐயோ.

எர்மினியா... நான்தான். இல்ல, பஸ்ல இல்ல. போயிருச்சு. அதுக்கு முந்தினதும்தான். இல்ல, பஸ்காரங்க தப்பு ஒண்ணும் இல்ல, ரெண்டையும் நான்தான் விட்டேன். முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தேன்... கேக் பெட்டி வெச்சிருந்த ஒரு அம்மாகிட்ட. யாரைப் பத்தியா? உன்னைப் பத்திதான். வைக்காத! எர்மினியா, வைக்காத, கேளு. ஆமா. ஆமாங்கறேன்! எதுக்கு ஆமாவா? நாலு வருஷம் முன்னாடி கேட்டியே, அதுக்கு. இல்ல, "போதும்"னு சொல்லல. ஆமான்னு சொல்றேன். நல்லாக் கேட்டுச்சா? இங்க பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது... என்ன எர்மினியா, அழுறியா சிரிக்கிறியா?

எப்போ வருவேனா? பதினொண்ணு அம்பதுக்கு ஒரு பஸ், ரெண்டு மணி நேரம் ஓட்டம், அப்போ தகவல் போ... இல்ல, இல்ல! ஒண்ணு அம்பது. ஒண்ணு அம்பதுக்கு அங்க இருப்பேன். எந்தப் பிளாட்பாரமா? நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்னு போட்டிருப்பான்... நின்னுக்கிட்டேதான் இருப்பேன். பஸ் வர்ற பக்கம் பாத்துக்கிட்டு. வாயைத் திறக்க மாட்டேன்.

பக்கத்துலயா? யாரும் இல்ல... ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார், தொப்பி போட்ட பெரியவர். கையில டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குறார், பாவம், எந்தப் பிளாட்பாரம்னு தெரியல போல... இல்ல எர்மினியா. சொல்லல. ஒரு வார்த்தைகூடச் சொல்லல. ஆமா, சத்தியமா. ஆமான்னா ஆமாதான்!