முருங்கை மரத்தடி மூணு முழம்

இல்லீங்க ஐயா, பத்திரம் வாங்குனவன்கிட்ட இருக்குது. கண்ணுல காட்டமாட்டேங்கிறான். அதான் நகல் கேட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்கே வந்தேன். வித்துட்டவளுக்கு இன்னா பாத்தியதைன்னு மறுபடியும் கேக்காதீங்க. கைநாட்டு வெச்சவ நானு. எதுக்கு வெச்சேன்னு எனக்குத் தெரிய வேணாமா? வித்தவங்களும் மனு போட்டு வாங்கலாம்னு வெளிய ஸ்டாம்பு விக்கிறவரே சொன்னாரு.

பேரு லூர்துமேரி. வித்தது அறுபத்திநாலு, ஆவணி மாசம். வாங்குனது செல்லப்பன். அவலூர்பேட்டையில அக்கா வூட்ல இருக்கறேன், மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன். திங்கக்கெழம வான்னு சொல்லாதீங்க. நாளைக்குக் கடப்பாறை போடறான்.

எங்கியா? வித்த வூட்டுக்குப் பின்னால தோட்டத்துல, முருங்கை மரத்தடியில. அந்த மூணு முழம் எனக்குன்னு எழுதச் சொன்னேன். எழுதிட்டேன், வெரல வையின்னாரு பத்திரம் எழுதுனவரு. வெச்சிட்டேன். இப்ப செல்லப்பன், அப்டி ஒரு வரியே கெடையாதுங்கிறான்.

அங்க மட்டும் தோண்டாதப்பான்னு கால்ல விழுந்தேன். அதான் தப்பாப் போச்சு. கோட்டைக்குப் பக்கத்து மண்ணாச்சே, பொதையலுன்னு நெனச்சிக்கினான். நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

ஆங், புஸ்தகத்துல என் பேரு வந்துடுச்சா? படிங்க. வடக்கே தெரு, சரி. கெழக்கே ராயம்மா வூடு, சரி. முருங்கை மரம் வர்லியே? இன்னொரு தபா பாருங்க ஐயா. மெதுவா பாருங்க.

நிதி நிட்சேபம்னா இன்னா? மண்ணுக்குள்ள பொதைஞ்சி கெடக்கறது எல்லாமா? அதையும் சேத்தா வித்துட்டேன்? எல்லாப் பத்திரத்துலயும் எழுதறதுதானா...

சரி. நகல் வேணாம், வுடுங்க. இங்க யாராச்சும் மம்முட்டி எரவல் குடுப்பாங்களா? அவன் வயல்லேர்ந்து வர்றதுக்குள்ள நான் போயிடணும்.

தங்கமா? அட போங்க ஐயா. பொம்பளப் புள்ள. தலையில தண்ணி ஊத்தறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. ஞானஸ்நானம் இல்லாததுக்குக் கல்லறையில எடமில்லன்னுட்டாங்க. சொன்னா மனைய எவன் வாங்குவான்னு நானும் வாயத் தொறக்கல. இப்ப சொன்னா, எடுத்துக் குப்பையில வீசிடுவான்.

மம்முட்டிகூட வேணாங்க. ஆழமா வெக்கல. கையாலயே எடுத்துடலாம்.