ஆபீஸ் மாடியில் வயல்

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மழையில் சாய்ந்த நெல்லைப் படமெடுத்துக் கணக்கெடுப்பவர்கள் போலிருக்கிறது. இளையவளின் மடியில் ஒரு டேப்லெட்.

"நான் படம் எடுத்த அத்தனை வயலும் நம்ம ஆபீஸ் மாடியில இருக்குன்னு காட்டுதுக்கா."

"என்னடி சொல்ற?"

"பழசு வாய்க்கால்ல விழுந்துடுச்சுல்ல, அதுக்கு மாத்திக் குடுத்தது இது. அதே கம்பெனி, அதே டப்பா, அதே கலரு. உள்ள ஜிபிஎஸ் மட்டும் இல்லையாம். ஆபீஸ் வைஃபைய வச்சு கடைசியா கண்டுபிடிச்ச இடத்தையே எல்லா வயலுக்கும் போட்டு வச்சிருக்கு."

"ஐயையோ! குடுக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லலையா?"

"கேட்டா, இந்த மாடல் இப்ப அப்படித்தான் வருதுங்கறாங்க."

"இடம் தப்பா இருந்தா நிவாரணமே வராதேடி! நாளைக்கே போயி மறுபடி எடுத்துடு."

அவள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எதைக்கா எடுக்கறது? கதிரு முளைவிட்டாக்கூடப் பரவாயில்லன்னு, நான் வர்ற வரைக்கும் அறுக்காம காத்துக்கிட்டிருந்தாங்க. நான்தானே ஒவ்வொரு வயலா நின்னு, 'எடுத்தாச்சு, இனிமே அறுத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்."