பூட்டா, பூட்டுகளா?

மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பாத்திரக்கடை ஐயா அவர்களே! இந்தத் தெருவின் ஷட்டர்களை நாற்பதாண்டாய்த் தூக்கி இறக்கும் பெரியோர்களே! கடையையும் வீட்டையும் ஒரே கையால் ஆளும் தாய்மார்களே! வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, எங்கள் பூட்டுக்கடையில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்று எடுக்கப்பட்டது. கடையின் இணைய முகவரி 'பூட்டு' அல்ல, 'பூட்டுகள்'! எடுத்தவன் நான். எதிர்த்தவன் என் தம்பி.

"அண்ணா, வீட்டுக்கு வெளியே மாட்டிக்கிட்டு நிக்கிறவன் எதுக்கு நாலு பூட்டைத் தேடுறான்? அவனை நிக்க வெச்சிருக்கிறது ஒண்ணுதான். போன்ல அதைத்தான் அடிப்பான். ரெண்டையும் எடுத்துடலாம். எதை அடிச்சாலும் நம்ம கடைக்கு வரட்டும்."

"ஒரு கடைக்கு எதுக்குடா ரெண்டு வாசல்? சுவர் நிறையப் பூட்டு தொங்குது, ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கிறவன் மாதிரி பேர் வைக்கவா? உனக்குப் பூட்டைத் தெரியும். கடையைப் பத்தி என்ன தெரியும்?"

இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டேன். தம்பி கையிலிருந்த அரத்தைத் துடைத்து வைத்தான். "சரிண்ணா" என்றான்.

அதன்பின் என்ன நடந்தது? அழைப்பு மேல் அழைப்பு! கதவு மேல் கதவு! தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடித் திறந்தான். நான் கடையில் அமர்ந்து பெருமைப்பட்டேன். இதே மேடையில் பன்மையின் மேன்மை பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். சிரிக்காதீர்கள், தலைவர் அவர்களே! மறுவாரமே உங்கள் கடை 'பாத்திரங்கள்' ஆனது யார் பேச்சைக் கேட்டு?

நாலு மாதம் கழித்து, இணையதளம் அமைத்துத் தந்தவர் வந்தார். "சார், முக்கால்வாசிப் பேர் 'பூட்டு'ன்னு அடிச்சுத்தான் வர்றாங்க" என்றார். என் தம்பி அந்தச் செவ்வாய்க்கிழமையே 'பூட்டு' என்ற முகவரியையும் தன் பெயரில் பதிந்து, எங்கள் கடைக்கே திருப்பிவிட்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. தன் உழைப்பை என் வெற்றியென்று நான் கொண்டாட, பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டித் தழுவியிருக்க வேண்டாமா? கண் கலங்கியிருக்க வேண்டாமா? நான் என்ன செய்தேன்?

"யாரைக் கேட்டுடா செஞ்சே? அந்த இணைப்பை இப்பவே அறுத்து விடு."

"நம்ம கடைக்குத்தானே அண்ணா செஞ்சேன்?"

"என் கடைக்கு நான் வெச்சதுதான் பேர்!"

அன்றே அறுத்துவிட்டான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. இப்போது மூன்று தெரு தள்ளி ஓர் ஒற்றை அறையில் தனிக்கடை போட்டு உட்கார்ந்திருக்கிறான். 'பூட்டு' என்று அடிப்பவர்கள் அங்கே போகிறார்கள்.

நேற்று, இந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லலாம் என்று அவனை அழைத்தேன்.

"சொல்லுங்க சார், எந்தக் கதவு?" என்றான்.

என் எண் அவனுக்குத் தெரியும். "தப்பா அடிச்சிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இளம் வணிகர்களே! ஒருமையை எடுங்கள், பன்மையை எடுங்கள், முடிந்தால் இரண்டையும் எடுங்கள். ஆனால், பக்கத்தில் நிற்பவன் 'நம்ம கடை' என்று சொன்னால், அதை மட்டும் திருத்தாதீர்கள்! மூன்று தெரு தூரம் என்னை நடக்க விடாமல் தடுப்பது எந்தப் பூட்டும் அல்ல, இந்த நாக்கு!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அனைவருக்கும் என் வணக்கம்.

உட்காருமுன் ஓர் அறிவிப்பு. முதல் தேதியிலிருந்து எங்கள் கடையில் பூட்டு விற்பனை மட்டுமே. வீட்டுக்கு வந்து கதவு திறந்து தருவதற்கு ஆள் இல்லை.