இருபத்து நான்கு பெயர்கள்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மின்விசிறியை நிறுத்தினேனா என்று இரண்டு முறை பார்ப்பவள் நான். அலுவலகத்திலும் அப்படித்தான். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் என் கை தானாகப் போய் அணைத்துவிடும். "நாட்டையே உன்கிட்ட குடுத்தா கடனே இருக்காது போல" என்று என் கணவர் கேலி செய்வார். பொதுப்பணம் என்பது யாரோ ஒருவர் வயிற்றைக் கட்டிக் கொடுத்த வரி. அதை வீணாக்க எனக்கு மனம் வராது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் பணம் எடுத்தேனா என்று இந்த விசாரணையில் நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஒரு பைசா எடுக்கவில்லை.

பத்தொன்பது வருடமாக உதவித்தொகைப் பிரிவில் இருக்கிறேன். வருமானமில்லாத நோயாளிகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை, கூடவே அரசு மருந்தகத்தில் இலவசமாக மருந்து வாங்க ஓர் அட்டை. மொத்தம் நானூறு பேர். போன வருடம் வரி வசூல் படுத்துவிட்டது. ஒவ்வொரு பிரிவும் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், குறைக்காத பிரிவு மூடப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. சாலைப் பிரிவு தாரைக் குறைத்தது. பூங்காப் பிரிவு செடிகளைக் குறைத்தது. என் பிரிவில் குறைப்பதற்கு ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

தொகையில் கை வைக்க விதி இடம் தராது. பெயரை நீக்குவதற்கும் ஒரே காரணம்தான் உண்டு, இறப்பு. அந்த வருடம் பதினாறு பேர் இறந்திருந்தார்கள். நாற்பது வேண்டும். மீதி இருபத்து நான்கு பேரை நான் எழுதினேன்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகப் படித்தேன். குழந்தைகள் இருக்கும் வீட்டைத் தொடவில்லை. கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் தொடவில்லை. கேட்க நாதியில்லாதவர்களை மட்டும் எடுத்தேன். பிரிவை மூடிவிட்டால் எல்லோருமே தெருவில் நிற்பார்கள். இப்போது முந்நூற்று அறுபது பேர் பிழைத்தார்கள்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். "நாப்பதா? எப்படிம்மா கரெக்டா வந்துச்சு?"

"இந்த வருஷம் வெயில் அதிகம் சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாவது மாதம் லிஃப்ட்காரர் வந்தார். ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருடம் லிஃப்ட் இயக்கியவர். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, முப்பது வருஷம் ஊரையெல்லாம் நான் மேல அனுப்பிட்டு இருந்தேன். நீங்க ஒரே கையெழுத்துல என்னை மேல அனுப்பிட்டீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"உட்காருங்க ஐயா. ஏதோ தப்பு நடந்திருக்கு."

"மருந்தகத்துல அந்தப் பொண்ணு, இவர் இறந்துட்டாருன்னு எங்கிட்டயே சொல்லுது. நான் என்னம்மா பண்றது? துக்கம் கேக்கறதா?"

அவருடைய மனுவை வாங்கி இழுப்பறையில் வைத்தேன். அதை மேலிடத்துக்கு அனுப்ப வழியில்லை. ஒருவர் உயிரோடு திரும்பினால் மற்றவர்களைப் பற்றியும் கேட்பார்கள். அதோடு, போன வருடம் எவ்வளவு செலவானதோ அவ்வளவுதான் இந்த வருடம் ஒதுக்குவார்கள். முந்நூற்று அறுபது பேருக்குத்தான் பணம் வந்திருந்தது. அவரைச் சேர்த்தால் இன்னொருவரைத் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பல நாள் பேருந்தில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கியிருக்கிறேன்.

அதனால் என் சம்பளத்தில் இன்சுலின் வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமைதோறும் மூன்று மாடி ஏறிப் போவேன். ஆறு மாதம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. "கூடப்பொறந்தவ இருந்தாக்கூட இப்படி மூச்சு வாங்க ஏறி வரமாட்டா" என்பார். நானும் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

பிறகு தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. குறை உள்ளவர்கள் நேரில் வரலாம் என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"நான் வந்து எதிர்ல நின்னா போதும்ல? இதைவிட என்ன சாட்சி வேணும் அவங்களுக்கு?"

"இந்தக் காலோட படி இறங்காதீங்க அண்ணா. நானே அவங்களை இங்க கூட்டிட்டு வர்றேன்."

"எப்போம்மா?"

"திங்கள், இல்லேன்னா செவ்வாய். எங்கயும் போயிடாதீங்க."

"எங்க போறது? ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவன்தானே."

அன்று அவரிடம் இரண்டு நாளுக்கான மருந்து இருந்தது. அடுத்த புட்டி என் கைப்பையில் இருந்தது. எடுக்காமலே எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தேன். "இது யாருக்கு?" என்று கணவர் கேட்டார். ஆபீஸில் ஒருவருக்கு என்றேன். தினமும் காலையில் பால் எடுக்கும்போது அது கண்ணில் படும். லிஃப்ட்காரர் பதினோரு முறை கைபேசியில் அழைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். தணிக்கை வாரத்தில் கைபேசியை அணைத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. வெள்ளிக்கிழமை தணிக்கை முடிந்தது. பட்டியலில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் சனிக்கிழமை. போகவில்லை. அறிக்கையில் கையெழுத்தாகட்டும் என்று திங்கள்வரை பொறுத்தேன்.

திங்கட்கிழமை போனபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சலவை செய்த சட்டை போட்டு, தலை வாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த மருந்து அட்டை. வருகிற அதிகாரிகளுக்காக வீட்டுக்காரரிடம் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார். வீட்டுக்காரர் அதைக் கொடுத்துவிட்டு வெளியூர் போயிருந்தாராம், அதனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உயிர் போய் நாளாகியிருந்தது.

மருந்து என்னிடம் இருந்தது. தெரிந்துதான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. இறப்புச் சான்றிதழை நானே அலைந்து வாங்கி அவருடைய கோப்பில் சேர்த்தேன். தேதி மட்டும்தான் முன்பின்னாக இருக்கிறது. மற்றபடி அந்தப் பக்கத்தில் இப்போது பொய் எதுவும் இல்லை.

மற்ற இருபத்து மூன்று பேரின் முகவரி கேட்டீர்கள். தருகிறேன். ஆனால் முகம் தெரியாத ஆட்களை அனுப்பி அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். பாவம், யாரும் இல்லாதவர்கள். என்னை அனுப்புங்கள். நான் போனால் நம்பிக் கதவைத் திறப்பார்கள்.