பூஜைக்கு வைத்த மீட்டர்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நின்றவர் கூட வந்தவரிடம் சத்தம் போட்டார்:

"மீட்டர் சாமிகிட்ட இருக்கு. நான் என்ன, நாக்க வச்சா கரண்டு பாக்க முடியும்?"

ஏதோ ரிசார்ட்டில், ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டிக்கு மெக்கானிக்காம். என் பஸ் கிளம்பிப் போனதை நான் பிறகுதான் கவனித்தேன்.

"சாமிகிட்ட யாருண்ணே வச்சது?" என்றார் கூட வந்தவர்.

"மேனேஜர்தான்! நேத்து பூஜைவைப்புன்னு மீட்டரு, டெஸ்டரு, ஸ்பேனரு எல்லாத்தையும் வாங்கி சரஸ்வதி படத்து முன்னால வச்சாரு. விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாதாம். இன்னைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகல. கெஸ்ட் வருது, உடனே நன்னாக்கு, ரிப்பேர் பண்ணுங்கிறாரு!"

"மீட்டர எடுத்துர வேண்டியதுதானே?"

"எடுத்தா தோஷமாம். பேட்டரி போச்சா, ஃபியூஸ் போச்சா, வயரு எங்க அறுந்திருக்கு, மந்திரம் போட்டா பாக்க? வேலை செய்யலன்னு மெமோ தருவாராம். பன்னிரண்டு வருசத்துல மொத மெமோ, கேட்டோ!"

"குடுத்துட்டாரா?"

"பேப்பர் எடுத்தாரு. சட்டைப் பையத் தடவினாரு. மேசைய பூரா தேடினாரு. பேனாவும் பூஜையில இருக்கு."